கிலோமீட்டர் பாலிசியா? கையெழுத்துப் போடுமுன் இதைப் பாருங்கள்

கடலூர் செம்மண்டலத்தில் கார் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். ரினியூவல் மாதம் வந்தால் கார் இன்சூரன்ஸ் பாலிசி பேப்பரோடு கஸ்டமர்கள் நேரே இங்கேதான் வருவார்கள். "ஓடுற கிலோமீட்டருக்குக் கட்டுனா போதும்ங்கிறாங்களே, போடலாமாண்ணே?" போடலாம். ஆனால் கிலோமீட்டரை எதை வைத்து அளக்கிறார்கள் என்று கேட்காமல் ஓடிபி சொல்லிவிடாதீர்கள்.

முதலில் காசுக் கணக்கு. 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ அனுமதித்த இந்தத் திட்டத்தில் குறைவது ஓன் டேமேஜ், அதாவது உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பிரீமியம் மட்டும்தான். தேர்ட் பார்ட்டி, அதாவது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கான பிரீமியம், அரசு வைத்த ரேட். 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை உள்ள காருக்கு 2022 ஜூனில் 3,416 ரூபாய் என்று வைத்தார்கள். வருஷம் பூரா வண்டி போர்ட்டிகோவிலேயே நின்றாலும் அதில் ஒரு ரூபாய் குறையாது. பழைய வண்டிக்கு ஓன் டேமேஜே சின்னத் தொகைதான். அதில் எவ்வளவு தள்ளுபடி என்று ரூபாயில் எழுதி வாங்குங்கள். சதவீதத்தில் சொன்னால் பெரிதாகத்தான் தெரியும்.

அடுத்து அளக்கும் முறை. விஷயமே இங்கேதான் இருக்கிறது.

மீட்டரை போட்டோவோ வீடியோவோ எடுத்து அனுப்பச் சொன்னால் கவலை இல்லை. எவ்வளவு ஓடியது என்பதற்கு மேல் அந்த எண் எதுவும் சொல்லாது. ஆப்பில் அனுப்பச் சொன்னால் கேமராவுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், லொகேஷனை மறுத்துவிடுங்கள்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஓபிடி சாக்கெட் இருக்கும். வண்டியில் என்ன கோளாறு என்று பார்க்க நான் ஸ்கேனர் போடும் இடம். அதில் செருகும் டிவைஸ், எந்த நேரத்தில், என்ன வேகத்தில் போனீர்கள் என்பதையும் எடுக்கும். ஜிபிஎஸ் இருந்தால் எந்தத் தெரு என்பதும் போய்விடும். வேலைக்காக அதைக் கழற்றினால் கொஞ்ச நேரத்தில் ஓனருக்கு மெசேஜ் வந்து, அவர் எனக்கு போன் போடுகிறார். இன்னொரு தொல்லையும் உண்டு. நிற்கும்போதும் அது பேட்டரியை உறிஞ்சும். அதிகம் ஓட்டாதவர்கள்தான் இந்த பாலிசி எடுப்பார்கள், அவர்கள் பேட்டரிதான் முதலில் படுக்கும்.

போன் ஆப் இன்னும் மோசம் என்பேன். நீங்கள் பஸ்ஸில் பாண்டிச்சேரி போனாலும் கார் ஓட்டியதாக எழுதிக்கொள்ள வாய்ப்புண்டு. பாண்டிச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடையில் பெட்ரோல் போட்டுவிட்டுப் பக்கத்தில் டீ குடித்திருப்பீர்கள். மேப்பில் பார்க்கிறவனுக்கு வண்டி ஒயின் ஷாப் வாசலில் நின்றது என்றுதான் தெரியும்.

சிரிக்கிற விஷயம் இல்லை. என் கஸ்டமர் ஒரு ரிட்டயர்டு டீச்சர். பிரதோஷத்துக்குப் பாடலீஸ்வரர் கோயில், மாசம் ஒருதரம் பாண்டிச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான் அவர் ஓட்டம். அவருக்கென்றே செய்த பாலிசி மாதிரி இருக்கிறது. ஆனால் கோரிமேட்டில் வண்டி எவ்வளவு நேரம் நின்றது என்பது இன்சூரன்ஸ்காரருக்கு எதற்கு? அதே கம்பெனி ஹெல்த் பாலிசியும் விற்கலாமே. "டீச்சர், மீட்டர் போட்டோ பிளான் இருந்தா எடுங்க, இல்லன்னா சாதா பாலிசியே போதும்" என்றேன்.

அமெரிக்காவில் இது நடந்தே இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ், வண்டிகளின் இருப்பிடத்தை மூன்று விநாடிக்கு ஒருமுறை வரை எடுத்து, ஓனருக்குச் சரியாகச் சொல்லாமல் விற்றதாக நுகர்வோர் நலனைப் பார்க்கும் அந்நாட்டு அரசு அமைப்பான எஃப்டிசி குற்றம் சாட்டியது. அந்தத் தகவல் இன்சூரன்ஸ் வரை போய்ச் சிலருக்கு பிரீமியம் ஏறியது. அப்படிப்பட்ட தகவலை, ஆட்களைப் பற்றி ரிப்போர்ட் தயாரித்து விற்கும் ஏஜென்சிகளுக்குக் கொடுக்க ஐந்து வருஷத் தடை என்பதற்கு 2025 ஜனவரியில் அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது.

அதனால் பணம் கட்டுமுன் கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்கள். கிலோமீட்டர் தவிர வேறென்ன எடுக்கிறீர்கள், யாரிடம் கொடுப்பீர்கள், பாலிசி முடிந்தால் எப்போது அழிப்பீர்கள், பிளானில் உள்ள கிலோமீட்டரைத் தாண்டி ஓடினால் கிளெய்ம் என்ன ஆகும். ஏஜென்ட் வாயால் சொல்வது செல்லாது, பதில் எழுத்தில் வேண்டும். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூடுதல் கிலோமீட்டர் வாங்கிக்கொள்ளும் டாப்-அப் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2023ஆம் வருஷத் தனிநபர் தரவுச் சட்டப்படி, தேவைக்கு மேல் கேட்கக் கூடாது, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அறிவிப்பைத் தமிழிலேயே கேட்கலாம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியப் பிரிவுகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாசம். அதுவரை அந்த மெயில்தான் உங்கள் கையில் உள்ள ஆதாரம்.

கிலோமீட்டர் தகராறில் கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்குப் புகார், அப்புறம் ஐஆர்டிஏஐயின் புகார் போன் நம்பர் 155255. அதற்கும் மசியாவிட்டால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன், அதாவது இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர். பாண்டிச்சேரிக்காரர்களுக்கும் அதே ஆபீஸ்தான்.

வண்டியை விற்கும்போது ஆர்சி மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். டிவைஸைக் கழற்றிக் கம்பெனியிடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், வண்டியோடு இணைந்திருக்கும் கனெக்டட் கார் ஆப்பிலிருந்து வண்டியை நீக்குங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவரா? அட்வான்ஸ் கொடுக்கும்போதே பழைய ஓனர் தன் ஆப்பிலிருந்து வண்டியை உங்கள் கண்ணெதிரே நீக்க வேண்டும், அதற்கப்புறம் மீதிப் பணம்.