மகாஓயா வெந்நீருக்கு ஒரு கொள்கைக் கோரிக்கை: ஐரோப்பிய அனுபவத்தைக் கொண்டு அதை எழுதும் முறை

செங்கலடியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் வீதியில் மகாஓயாவின் வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற எவரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இந்தச் சூட்டில இருந்து கரண்ட் எடுக்க ஏலாதா?” இக்கேள்வியை ஒரு கடிதமாக்கி அமைச்சுக்கு அனுப்பினால் பெரும்பாலும் பதில் வராது, வந்தாலும், இலங்கையில் எரிமலை இல்லை என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். கேட்கும் முறையிலேயே பாதிக் குறை இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் விவசாய அமைப்புகளும், பிரதேச சபை உறுப்பினர்களும், வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழக மாணவர்களும் இவ்விடயத்தில் ஒரு கொள்கைக் கோரிக்கையை எப்படித் தயாரிக்கலாம் என்பதை, ஐரோப்பிய நாடுகள் புவிவெப்பத்துக்கு அளித்த அரச ஆதரவின் அனுபவத்தைக் கொண்டு இங்கே விளக்குகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்சாரத்தைக் கேட்க வேண்டாம், வெப்பத்தைக் கேளுங்கள். அலகுக்கு இவ்வளவு என்ற மானியத்தையும் கேட்க வேண்டாம். அளவீட்டையும், முதல் ஆழ்துளையின் நட்டத்தை அரசு பகிர்ந்துகொள்வதையும் கேளுங்கள்.

முதற்பக்கத்தில் வெப்பநிலை

கோரிக்கையின் முதற்பக்கத்தில் நாட்டின் மின்பற்றாக்குறை பற்றிய முன்னுரையைத் தவிர்த்து, நீரின் வெப்பநிலையையும் அதன் ஓட்டத்தையும் எழுதுங்கள். எந்த ஆதரவு பொருத்தமானது என்பதை இவ்விரண்டுமே தீர்மானிக்கின்றன. இத்தாலியின் லார்டெரெல்லோவில் நிலத்தடியிலிருந்து நீராவியே கிடைத்தது. 1904இல் அந்த நீராவியால் ஐந்து மின்குமிழ்களை எரித்துக் காட்டினார்கள், 1913இல் 250 கிலோவாற்று மின்நிலையம் ஒன்றை இயக்கினார்கள். பாரிஸ் நகரைச் சூழ்ந்த பகுதியில் ஏறக்குறைய 1,500 முதல் 2,000 மீற்றர் ஆழத்தில் 55 முதல் 85 பாகை செல்சியஸ் வரையான நீர்தான் உண்டு; அதைக் கொண்டு மின்சாரம் எடுக்க முயலாமல், 1969இல் மெலன் நகரில் தொடங்கி, குடியிருப்புகளைச் சூடாக்குகிறார்கள். ஜேர்மனியின் நொய்ஸ்டாட்-கிளேவே நகரில் ஏறத்தாழ 98 பாகை நீரிலிருந்து 2003இல் மின்சாரம் எடுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் மின் உற்பத்தி கைவிடப்பட்டது, வெப்ப விநியோகம் தொடர்ந்தது.

மகாஓயாவின் சூடான கிணறுகள் 50 பாகைக்கு மேற்பட்டவை. கபுரெல்ல, பதியத்தலாவைக்கு அருகிலுள்ள வாகவ ஆகிய ஊற்றுகளையும் சேர்த்துப் பார்த்தால், இவை நாட்டின் உயர்நிலப் பாறைத்தொகுதியும் விஜயன் பாறைத்தொகுதியும் சந்திக்கும் வலயத்தை ஒட்டி அமைந்திருப்பது தெரியும். மழைநீர் வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி மீள்கிறது, எரிமலை தேவையில்லை. ஆகவே நமது கோரிக்கைக்கு முன்மாதிரி பாரிஸ் நகரமே. ஐஸ்லாந்தின் படத்தை அட்டையில் போடுவது அழகாக இருக்கும், ஆனால் அதைப் பார்த்த உடனேயே எந்தப் பொறியியலாளரும் கோப்பை மூடிவிடுவார்.

வெப்பத்தை வாங்குபவரைக் காட்டுங்கள்

ஐரோப்பியர் வீட்டைச் சூடாக்குகிறார்கள்; நமக்கு அந்தத் தேவை இல்லை. எனவே வெப்பம் யாருக்கு வேண்டும் என்று நாமே கணக்கோடு காட்ட வேண்டும். கிழக்கில் இதற்குரிய விடை நெல். பெரும்போக அறுவடை மழையோடு மோதும் ஆண்டுகளில் வீதியோரத்தில் படங்கு விரித்து நெல்லைக் காயவைக்கும் பாட்டை இங்குள்ள எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. களஞ்சியத்தில் வைக்க நெல்லின் ஈரப்பதன் 14 வீதமாக இறங்க வேண்டும். அதோடு, விதைநெல்லை ஏறத்தாழ 43 பாகைக்கு மேல் சூடாக்கினால் முளைத்திறன் கெட்டுவிடும். ஆகவே மகாஓயா நீரின் குறைந்த வெப்பநிலை இவ்வேலைக்கு ஒரு குறையே அல்ல. கோரிக்கையில் இந்த ஒரு வசனம் பல பக்கங்களுக்கு ஈடானது.

கணக்கைச் செய்வது எளிது. செக்கனுக்கு எத்தனை லீற்றர் நீர் வருகிறது என்பதை, அந்நீரைப் பயன்படுத்தும்போது எத்தனை பாகை குளிர்விப்போம் என்பதால் பெருக்கி, வரும் தொகையை மீண்டும் 4.2ஆல் பெருக்கினால் வெப்பவலு கிலோவாற்றில் கிடைக்கும். செக்கனுக்கு 5 லீற்றர் நீரை 15 பாகை குளிர்வித்தால் 315 கிலோவாற்று. 22 வீத ஈரப்பதனுள்ள ஒரு தொன் நெல்லை 14 வீதத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 93 கிலோகிராம் நீரை அகற்ற வேண்டும். ஒரு கிலோகிராமுக்கு 5 மெகாயூல் செலவாகும் என்று கொண்டால் அது ஏறக்குறைய 130 கிலோவாற்று மணித்தியாலம். அதாவது மேற்சொன்ன ஓட்டம் உண்மையில் கிடைக்குமானால் மணித்தியாலத்துக்கு இரண்டு தொன்னுக்குச் சற்று மேல் காயவைக்கலாம். இந்த “கிடைக்குமானால்” என்பதை மறைக்காதீர்கள். கோரிக்கையின் நோக்கமே அந்த ஓட்டத்தை அளக்கச் செய்வதுதான்.

எந்த ஆதரவை எந்தக் கட்டத்தில் கேட்பது

கோரிக்கையின் இதயம் இப்பகுதி. இதற்குக் கூடிய நேரம் செலவிடுங்கள். புவிவெப்பத் திட்டமொன்றின் செலவில் பெரும்பங்கு ஆழ்துளைகளுக்குப் போகிறது. நீர் உண்டா, போதிய சூடு உண்டா என்பதோ துளையிட்டு முடித்த பின்னரே தெரியவரும். காற்றாலைக்கோ சூரியப் படலத்துக்கோ இப்படியொரு நிலை இல்லை. காற்றையும் வெயிலையும் முன்கூட்டியே மலிவாக அளந்துகொள்ளலாம். ஆகவே மின் அலகுக்கு நல்ல விலை தருவோம் என்ற வாக்குறுதி, முதல் துளையே வறண்டுபோகலாம் என்று அஞ்சுகிறவருக்கு எந்தத் துணிவையும் தராது.

ஐரோப்பாவில் இதைத் தெளிவாகப் புரிந்துகொண்ட நாடுகளில் ஒன்று ஐஸ்லாந்து. அங்கே 1967இல் உருவான வலுசக்தி நிதியம் துளையிடுவதற்குக் கடன் கொடுத்தது. துளை வெற்றிபெற்றால் கடனைத் திருப்பித் தர வேண்டும், தோற்றால் கடன் மானியமாகிவிடும். 1970களின் எண்ணெய் விலையேற்றத்தோடு இந்த ஏற்பாடும் சேர்ந்ததால் வெப்பமூட்டல் எண்ணெயிலிருந்து வெந்நீருக்கு மாறியது. இன்று அந்நாட்டின் வீடுகளில் பத்தில் ஒன்பது புவிவெப்பத்தால் சூடாகின்றன. பிரான்ஸ் 1980களில் இரட்டை உத்தரவாதத்தை அமைத்தது: ஒன்று முதல் துளை தோற்பதற்கு, மற்றது இயங்கத் தொடங்கிய பின் ஆண்டுகள் செல்லச் செல்ல நீர் குறைவதற்கும் குளிர்வதற்கும். இந்த இரண்டாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2009இலிருந்து வெப்ப நிதியம் என்ற ஒன்று முதலீட்டு மானியத்தையும் வழங்கிவருகிறது. பாதிக்கு மேல் புதுப்பிக்கத்தக்க வெப்பத்தைத் தரும் விநியோக வலையமைப்புகளுக்குப் பெறுமதிசேர் வரி 5.5 வீதமாகக் குறைக்கப்படுகிறது.

நமக்கு மிக அண்மித்த பாடம் நெதர்லாந்திலிருந்து வருகிறது. அங்கே ஆழ்துளை வெப்பத்தை முதலில் நாடியவர்கள் கண்ணாடிக்கூட விவசாயிகள். 2007இல் பிளைஸ்வைக் பகுதியில் தக்காளி பயிரிட்ட ஒருவர் வழிகாட்டினார். 2009 அளவில் அரசு ஓர் உத்தரவாதத் திட்டத்தைக் கொண்டுவந்தது. துளையிடுபவர் புவியியல் அறிக்கை ஒன்றைச் சமர்ப்பிக்கிறார். கிடைப்பதற்கு 90 வீத நிகழ்தகவு உள்ள வெப்பவலு எவ்வளவு என்று அந்த அறிக்கை கணிக்கிறது. காப்புறுதிக்குச் செலுத்துவதுபோல, உத்தரவாதத் தொகையின் 7 வீதத்தை அவர் கட்டணமாகச் செலுத்துகிறார். துளை அந்த வலுவை எட்டாவிட்டால் அரசு இழப்பீட்டைத் தருகிறது. முழுவதும் இலவசம் இல்லை என்பதால் எவரும் கண்ணை மூடிக்கொண்டு துளையிடுவதில்லை; அறிக்கை கட்டாயம் என்பதால் ஒவ்வொரு துளையிலிருந்தும் தரவு சேர்கிறது. 2023இலிருந்து அரச நிறுவனமே திட்டங்களில் 20 முதல் 40 வீதம் வரை பங்காளியாகச் சேரும் முறையும் சட்டமாகியுள்ளது.

உங்கள் கோரிக்கையில் இதை நமது அளவுக்குச் சுருக்கி எழுதுங்கள். எத்தனை மீற்றர் ஆழம்வரை, எந்த வெப்பநிலையும் எந்த ஓட்டமும் வெற்றியாகக் கொள்ளப்படும், அதை அளந்து சான்றளிப்பது யார், தோல்வியில் செலவின் எத்தனை வீதத்தை அரசு ஏற்கும், வெற்றியில் எத்தனை ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தப்படும் என்ற ஐந்து கேள்விகளுக்கும் விடை இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் தெளிவில்லாமல் விடப்பட்டால், பிற்காலத்தில் வழக்கு அங்கேதான் தொடங்கும்.

அலகு விலை ஆதரவு எப்போது உதவும் என்பதற்கு ஜேர்மனியும் துருக்கியும் சான்று. ஜேர்மனியின் புதுப்பிக்கத்தக்க வலுச் சட்டம் 2012இல் புவிவெப்ப மின்சாரத்துக்கு ஒரு அலகுக்கு 25 யூரோ சதத்தை உறுதிசெய்தது. ஆயினும் அங்கு மின்சாரத்தை விட மியூனிக் பகுதியின் வெப்ப விநியோகமே செழித்தது. துருக்கி 2010இன் முடிவில் அலகுக்கு 10.5 அமெரிக்க சதத்தைப் பத்தாண்டுகளுக்கு உறுதியளித்தது. மின் உற்பத்தி வேகமாகப் பெருகியது, ஏனெனில் அங்கே பூமிக்கடியில் உண்மையிலேயே பெருஞ்சூடு இருந்தது. அய்டின் மாகாணத்தில் அத்தி விவசாயிகள் நீரும் காற்றும் கெடுவதாகக் கூறிப் போராடியதும் அதே வேகத்தின் விளைவுதான். அந்தப் போராட்டத்தையும் உங்கள் கோரிக்கையில் குறிப்பிடுங்கள். விவசாயிகளின் பெயரால் எழுதுகிறவர்கள் அதை மறைக்கலாகாது.

வெப்பம் யாருக்குச் சொந்தம்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். ஜேர்மனியில் 1980ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் புவிவெப்பத்தை நில உரிமையிலிருந்து பிரித்துவைத்திருக்கிறது. நிலத்துக்குச் சொந்தக்காரரானாலும் அனுமதி பெற வேண்டும். நெதர்லாந்தில் 500 மீற்றருக்குக் கீழே சுரங்கச் சட்டம் தொடங்குகிறது. பிரான்ஸ் 2015இலிருந்து, 200 மீற்றருக்கும் 500 கிலோவாற்றுக்கும் உட்பட்ட சிறு திட்டங்களுக்கு முழு அனுமதிக்குப் பதில் அறிவிப்பு முறையை வைத்திருக்கிறது. நமது கோரிக்கை, 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் மற்றும் கனியங்கள் சட்டத்தையும் 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க நிலைபேறான வலுசக்தி அதிகாரசபைச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தப் பிரிவின் கீழ் யார் அனுமதிப்பத்திரம் வழங்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரே விண்ணப்பத்துக்காக மூன்று அலுவலகப் படிகளில் ஏறும் நிலை இருந்தால், ஒரே வாயிலைக் கேளுங்கள்.

ஊற்றையும் கிணற்றையும் காக்கும் நிபந்தனைகள்

ஆதரவைக் கேட்கிற அதே கடிதத்தில் கட்டுப்பாட்டையும் கேட்பது பலருக்கு விசித்திரமாகத் தோன்றும். ஆனால் அதுவே கோரிக்கைக்கு மதிப்பைத் தருகிறது. இங்கிலாந்தின் பாத் நகரில் 46 பாகையளவு வெந்நீரூற்றைக் காக்க, 1982ஆம் ஆண்டின் ஏவன் மாவட்டச் சட்டம் ஊற்றைச் சூழ வலயங்களை வகுத்து, எந்த வலயத்தில் எவ்வளவு ஆழத்துக்கு மேல் தோண்டினால் அனுமதி வேண்டும் என்று விதித்தது. மகாஓயா ஊற்று மக்கள் நீராடும் இடம். திருகோணமலையின் கன்னியா வெந்நீரூற்றோ வழிபாட்டோடும் ஈமக்கிரியைகளோடும் பிணைந்தது. அதைத் திட்டப்பட்டியலில் சேர்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஜேர்மனியின் ஸ்டௌஃபன் நகரம் 2007இல் நகரமண்டபத்தைச் சூடாக்க 140 மீற்றர் ஆழத்துக்குத் துளைகளை இட்டது. நிலத்தடி நீர் அன்ஹைட்ரைட் பாறைக்குள் புகுந்து அதை ஜிப்சமாக மாற்றி வீங்கச் செய்ததால், நிலம் எழும்பி, இருநூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் வெடிப்புகள் விழுந்தன. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் ஆழத்தில் உயரழுத்த நீரைச் செலுத்தியதால் 2006 டிசம்பரில் 3.4 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டுத் திட்டம் நின்றது. ஸ்ட்ராஸ்பூர்க் அருகே 2021 ஜூனில் 3.9 அளவு அதிர்வு உண்டானது. நாம் கேட்பது பாறையை உடைக்கும் முறை அல்ல, இயற்கையான ஓட்டத்தைப் பயன்படுத்தும் முறையே என்பதைத் தெளிவாக எழுதுங்கள். சுற்றியுள்ள குடிநீர்க் கிணறுகளில் புளோரைட்டும் உவர்த்தன்மையும் துளையிடுவதற்கு முன்னும் பின்னும் அளக்கப்பட வேண்டும்; பயன்படுத்திய நீர் வாய்க்காலில் விடப்படாமல் இரண்டாவது துளை வழியே திரும்பச் செலுத்தப்பட வேண்டும்.

தரவையும் கையொப்பத்தையும் சேர்த்தல்

கடிதத்தை அனுப்புமுன் அரசிடம் ஏற்கனவே உள்ள அளவீடுகளைப் பெறுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்துக்கும் நீர்வள சபைக்கும், ஊற்றுகளின் வெப்பநிலை, ஓட்டம், இரசாயனப் பகுப்பாய்வு, ஏற்கனவே இடப்பட்ட குழாய்க்கிணறுகளின் பதிவு ஆகியவற்றைத் தனித்தனியாகப் பெயரிட்டு விண்ணப்பியுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன்பின் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். நீங்களே அளப்பதாயின் கோடையில் ஒரு முறையும் மாரியில் ஒரு முறையும் அளந்து, திகதியையும் கருவியையும் எழுதுங்கள். மழைநீர் கலந்த நாளின் எண்ணை மட்டும் வைத்து வாதிட முடியாது.

மகாஓயா பெரும்பாலும் சிங்களம் பேசும் மக்களின் ஊர். மட்டக்களப்பிலிருந்து எழுதப்பட்ட ஒரு தமிழ்க் கடிதம் அவர்களுடைய ஊற்றைப் பற்றிப் பேசுவது, எவ்வளவு நல்ல நோக்கமானாலும், முறையாகாது. கோரிக்கை இரு மொழியிலும் அமைய வேண்டும். முதற்கையொப்பம் அவ்வூர் விவசாய அமைப்பினுடையதாக இருக்கட்டும். வலுசக்தி அமைச்சு, நிலைபேறான வலுசக்தி அதிகாரசபை, மத்திய சுற்றாடல் அதிகாரசபை, அம்பாறை மாவட்டச் செயலகம், மகாஓயா பிரதேச செயலகம் ஆகியவற்றுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

இணைப்பாக ஐரோப்பிய ஆவணங்களில் இரண்டை மட்டும் சுட்டினால் போதும்: புவிவெப்பம் பற்றி ஐரோப்பிய நாடாளுமன்றம் 2024 ஜனவரியில் நிறைவேற்றிய தீர்மானமும், அதே ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைச்சர் பேரவை வெளியிட்ட முடிவுகளும். நாட்டின் வரவுசெலவுத்திட்டம் வழமையாக நவம்பரில் வருவதால், அமைச்சுகள் தமது மதிப்பீடுகளைத் தயாரிக்கும் ஆண்டின் நடுப்பகுதிக்குள் கோரிக்கை அவர்களின் மேசையை அடைந்துவிட வேண்டும். அதில் கேட்கும் தொகை ஒரு ஆய்வுத்துளைக்கும் ஓராண்டு அளவீட்டுக்கும் உரியதாக மட்டும் இருக்கட்டும்.