பட்டமளிப்பு விழா: அங்கியை விடுங்கள், சான்றிதழைப் பாருங்கள்

பட்டமளிப்பு விழா என்றதும் கேரள எல்லையில் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வீடுகளில் எழும் முதல் கேள்வி, அங்கிக்கு எவ்வளவு வாடகை, பெற்றோரில் எத்தனை பேரை உள்ளே விடுவார்கள் என்பதுதான். விழா அரை நாளில் முடிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் அலைய வைப்பது அதற்கு முன் நிரப்பும் விண்ணப்பமும் பிறகு கைக்கு வரும் சான்றிதழும்.

பெயரில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். எல்லையோரத் தமிழர்களுக்கு இது இரட்டைத் தலைவலி. தமிழ்நாட்டு வழக்கில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் வரும். கேரளத்தில் இனிஷியல் பெரும்பாலும் பின்னால் போகும்; சில சமயம் அது வீட்டுப்பெயராகவும் இருக்கும். நகரி, புத்தூர் பக்கம் ஆந்திரப் பள்ளியில் சேர்ந்தவர்களுக்குக் குடும்பப் பெயரே முழுதாக முன்னால் வந்துவிடுகிறது. ஆதாரில் 'எஸ். முருகேசன்', பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'முருகேசன் எஸ்', பாஸ்போர்ட்டில் 'முருகேசன் சுப்பையன்' என்று ஒரே ஆள் மூன்று பேராக நிற்பார். பட்டச் சான்றிதழில் பொதுவாக ஏறுவது பத்தாம் வகுப்புப் பெயர். திருத்தம் வேண்டுமென்றால் கல்லூரியில் படிக்கும்போதே அதைத் திருத்திக்கொள்ளுங்கள். பட்டம் அச்சான பிறகு என்றால் கட்டணம், பிரமாணப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு என்று இழுத்துக்கொண்டே போகும். கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயாவில் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறவர்கள், சமர்ப்பிக்கும் முன் திரையை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படித்தால் போதும்.

விழாவுக்குப் போகாவிட்டால் பட்டம் போய்விடும் என்று லீவு கிடைக்காமல் தவிப்பவர்கள் உண்டு. போகாதவர்களுக்கும் பட்டம் உண்டு. 'இன் அப்சென்ஷியா' என்று அதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. ஆனால் அதற்கும் விண்ணப்பிக்க வேண்டும். தானாக வீடு தேடி வரும் என்று தற்காலிகச் சான்றிதழோடு உட்கார்ந்திருப்பது இதற்கு நேரெதிரான தவறு. தகுதி பெறும் நாளிலிருந்து 180 நாட்களுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2008 விதிமுறை. தாமதமானால் அதைச் சுட்டிக்காட்டி எழுதலாம்.

வந்த சான்றிதழை அன்றைக்கே லேமினேஷன் செய்துவிடாதீர்கள். வளைகுடா வேலைக்கு அட்டெஸ்டேஷன், அதாவது அரசுச் சான்றொப்பம், செய்யும்போது முத்திரை பெரும்பாலும் சான்றிதழின் பின்பக்கத்தில்தான் விழும். பிளாஸ்டிக் மேல் மை நிற்காது. உரிக்கப் போனால் தாளும் சேர்ந்து கிழியும். இன்னொன்று: கேரளப் பக்கம் வேலந்தாவளத்தில் வீடு, கோவையில் கல்லூரி என்றிருப்பவர்கள் நேரே கேரள அரசின் வெளிநாடுவாழ் கேரளர் நல அமைப்பான நோர்க்காவின் அலுவலகத்தில் போய் நிற்கிறார்கள். பட்டம் எந்த மாநிலப் பல்கலைக்கழகத்துடையதோ, அந்த மாநிலத்தில்தான் சான்றொப்பம் பொதுவாகத் தொடங்கும்.

இனி கௌரவ டாக்டர் பட்டம். பஸ் நிலையத்துப் பதாகைகளில் அங்கியும் தொப்பியுமாகச் சிரிப்பவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. 'உங்கள் சமூக சேவையைப் பாராட்டி' என்று தொடங்கி, பதிவுக் கட்டணத்தில் வந்து முடியும் அழைப்பு எதுவும் கௌரவம் அல்ல, வியாபாரம். 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 22ஆம் பிரிவு, யார் பட்டம் தரலாம் என்று வரையறுத்திருக்கிறது: சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், நாடாளுமன்றம் தனியே அதிகாரமளித்த நிறுவனங்கள். அறக்கட்டளையும் மனித உரிமைக் கவுன்சிலும் இதில் இல்லை. மானியக் குழு வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் கேரளப் பெயரும் உண்டு, ஆந்திரப் பெயர்களும் உண்டு.

அரங்கைப் பார்த்து மயங்குவது அடுத்த தவறு. 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே ஓர் அமைப்பு அரங்கை வாடகைக்கு எடுத்து, திரைக்கலைஞர்களுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் என்று வழங்கியது. பல்கலைக்கழகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிறகு போலீஸ் புகார் வரை போனது.

உண்மையான கௌரவப் பட்டம் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. 2021இல் அன்றைய குடியரசுத் தலைவருக்கு டி.லிட். என்னும் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கலாம் என்று வேந்தரான ஆளுநரே கேரளப் பல்கலைக்கழகத்திடம் சொன்னார். பல்கலைக்கழக நிர்வாகக் குழுவான சிண்டிகேட்டின் உறுப்பினர்கள் ஒப்பவில்லை என்று துணைவேந்தர் கைப்பட எழுதிக் கொடுத்தார். அதன் அரசியல் எப்படியோ போகட்டும். வேந்தர் நினைத்தாலும் நடக்காத ஒன்று, கூகுள் பேயில் பணம் அனுப்பினால் நடக்குமா?

நிஜமாகவே பெற்றவர்களும் பெயருக்கு முன் 'டாக்டர்' போட்டுக்கொள்வதில்லை என்பதே மரபு. வேலைக்கோ பதவி உயர்வுக்கோ அது பிஎச்.டி.க்கு ஈடாகாது. ராகுல் டிராவிட் 2017இல் பெங்களூர் பல்கலைக்கழகம் தர முன்வந்ததை வேண்டாம் என்று சொல்லி, விளையாட்டில் ஆராய்ச்சி செய்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். நம் ஊர்ப் பாராட்டு விழாக்காரர்கள் இவ்வளவுக்குப் போக வேண்டாம். நோட்டீசில் பெயருக்குப் பின்னால் 'கௌரவ டி.லிட்.' என்று போட்டு, வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்க்கட்டும். சேர்க்கத் தயங்கினால் அச்சகத்துக்கு முன்பணம் கொடுக்காமல் இருப்பது நல்லது.