சூப்பர்மேன் 2: ரசிகர் தொகுப்பை மூலப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

ரசிகர் ஒருவர் தாம் நேசிக்கும் படத்தை வெட்டி, வரிசை மாற்றி, தம் மனத்துக்குப் பிடித்தபடி மீண்டும் தொகுத்திருப்பதைப் பார்த்தவுடன், “மூலத்தைவிட இது நன்றாக இருக்கிறதா?” என்றுதான் நம்மில் பலர் கேட்கிறோம். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துபோகும். “இந்த மாற்றத்தால் படத்துக்கு என்ன கிடைத்தது, அதற்காக எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது?” என்று காட்சிக்குக் காட்சி கேட்டுக்கொண்டு பார்த்தால், தொகுப்பாளரின் உழைப்பும் புரியும், மூல இயக்குநரின் நெருக்கடியும் புரியும். அப்படிப் பார்க்கப் பழகுவதற்கு ‘சூப்பர்மேன் 2’ படத்தைவிடப் பொருத்தமான பாடப்பொருள் எனக்குத் தெரிந்து வேறில்லை. இரண்டு இயக்குநர்களின் கை பட்ட படம் அது. ஒவ்வொரு வெட்டுக்கும் பின்னால் நமக்குத் தெரிந்த ஒரு காரணம் இருக்கிறது.

முதல் வேலை, எதை மூலம் என்று கொள்ளப் போகிறோம் என்பதை முடிவு செய்வது. முதல் படத்தையும் இரண்டாம் படத்தையும் ஒரே நேரத்தில் எடுக்கும் திட்டத்தோடு 1977-இல் இங்கிலாந்தில் படப்பிடிப்பைத் தொடங்கியவர் ரிச்சர்ட் டானர். செலவும் காலமும் கைமீறிப் போனபோது, இரண்டாம் படத்தை அப்படியே நிறுத்திவிட்டு 1978 டிசம்பரில் முதல் படத்தை வெளியிட்டார்கள். அதற்குள் இரண்டாம் படத்தின் பெரும்பகுதியை டானர் எடுத்து முடித்திருந்தார். ஆனால், தயாரிப்பாளர்களோடு ஏற்பட்ட மோதலால் அவர் விலக்கப்பட்டார். ரிச்சர்ட் லெஸ்டர் அந்த இடத்துக்கு வந்தார். லெஸ்டரின் பெயர் இயக்குநராகத் திரையில் வர வேண்டுமானால் படத்தின் கணிசமான பகுதி அவர் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பதால், முன்பே எடுக்கப்பட்டிருந்த பல காட்சிகள் தூக்கி எறியப்பட்டுப் புதிதாக எடுக்கப்பட்டன. 1980 டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலும் 1981 ஜூனில் அமெரிக்காவிலும் வெளியான 127 நிமிடத் திரையரங்கப் பதிப்பு அப்படி உருவானதுதான்.

அதன்பின் 1984-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் படம் ஒளிபரப்பானபோது, திரையரங்கில் வராத சுமார் 17 நிமிடக் காட்சிகள் சேர்க்கப்பட்டன. வேறு நாடுகளின் ஒளிபரப்புகளில் வேறு சில துணுக்குகள் இருந்தன. ரசிகர்கள் இந்தப் பதிவுகளைத் தேடிச் சேர்த்து, துணுக்குகளை உரிய இடத்தில் பொருத்தி, ‘ரெஸ்டோர்டு இன்டர்நேஷனல் கட்’ என்ற பெயரில் ஒரு முழுத் தொகுப்பை 2000-களின் நடுப்பகுதியில் தாங்களே பரப்பினார்கள். படத்தின் உரிமை கொண்ட வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் சட்ட நடவடிக்கை எடுப்பதாக எச்சரித்தது. டானர் எடுத்தவற்றை வெளியிட வேண்டும் என்ற ரசிகர்களின் நீண்டநாள் வற்புறுத்தலுக்குப் பிறகு, 2006 நவம்பரில் அதே நிறுவனம், மைக்கேல் தாவ் தொகுத்த ‘டானர் பதிப்பை’ அதிகாரபூர்வமாக வெளியிட்டது. இன்று நம் கைக்கு வரும் ரசிகர் தொகுப்புகள் பெரும்பாலும் திரையரங்கப் பதிப்பையும் டானர் பதிப்பையும் கலந்தவை. ஆகவே ஒப்பிடும்போது மூலம் என்று 1980-ஆம் ஆண்டின் திரையரங்கப் பதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள். டானர் பதிப்பைச் சிலர் உண்மையான மூலமாகக் கருதுகிறார்கள். ஆனால் டானர் தம் படத்தை முடிக்கவே இல்லை. எடுக்கப்படாத காட்சிகளுக்கு லெஸ்டரின் காட்சிகளையும் பிற்காலக் கணினி வரைகலையையும் வைத்து ஓட்டை அடைத்த மீட்டுருவாக்கம் அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பார்க்கும் வரிசையும் முக்கியம். முதல் படம், அடுத்து திரையரங்கப் பதிப்பு, அதன்பின் டானர் பதிப்பு, கடைசியாக ரசிகர் தொகுப்பு என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நாளாவது விடுங்கள். ரசிகர் தொகுப்பை முதலில் பார்த்துவிட்டால், தொகுப்பாளர் மறைத்த தையல்கள் கண்ணில் படாமலே போய்விடும். மேலும், எந்தப் பதிப்பானாலும் மூலப் படத்தின் வட்டை விலைகொடுத்து வாங்கி வைத்துக்கொண்டு பார்ப்பதும், தொகுப்பை விற்பவரிடம் வாங்காமல் இருப்பதும், ரசிகர் தொகுப்பாளர்களே வலியுறுத்தும் நெறி. நீங்களும் அதைக் கடைப்பிடியுங்கள்.

நேரக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. திரைப்படம் வினாடிக்கு 24 சட்டங்களில் (ஃபிரேம்) எடுக்கப்படுகிறது. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பயன்பட்ட ‘பால்’ (PAL) முறைத் தொலைக்காட்சியில் அது 25 சட்டங்களாக ஓடியது. அதனால் எதையும் வெட்டாமலே 127 நிமிடப் படம் ஏறக்குறைய 122 நிமிடமாகச் சுருங்கும். குரல்களின் சுருதியும் சற்றே ஏறும். பழைய ஒளிபரப்புகளிலிருந்து எடுத்த துணுக்குகளைச் சேர்த்த தொகுப்பில், மொத்த நேரத்தை மட்டும் வைத்து எத்தனை நிமிடம் வெட்டப்பட்டது என்று கணக்கிட்டால் ஏமாந்துபோவோம். காட்சிகளின் பட்டியலை எழுதிவைத்துக்கொண்டு, எது இருக்கிறது, எது இல்லை, எது இடம் மாறியது என்று குறிப்பதுதான் பிழையில்லாத வழி. அதே துணுக்குகளில் அகலத்திரைச் சட்டத்தின் இரு ஓரமும் வெட்டப்பட்டு, படத்தின் ஐந்தில் இரண்டு பங்கு காணாமல் போயிருக்கும் என்பதால், நெருக்கமாகத் தெரியும் ஒரு முகத்தைப் பார்த்து அது இயக்குநர் வைத்த குளோசப் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

இனிக் காட்சிகளுக்கு வருவோம். எல்லாக் காட்சிகளையும் ஒப்பிட முயன்றால் சலித்துவிடும். மூன்று அல்லது நான்கு இடங்களைத் தேர்ந்துகொண்டு, அவற்றை இரண்டு மூன்று முறை பாருங்கள். நான் எப்போதும் முதலில் எடுத்துக்கொள்வது, கிளார்க் கென்ட்தான் சூப்பர்மேன் என்று செய்தியாளர் லோயிஸ் லேன் கண்டுபிடிக்கும் காட்சி. லெஸ்டரின் பதிப்பில், நயாகராவில் ஓட்டல் அறையில் கரடித்தோல் விரிப்பு தடுக்கிக் கிளார்க் விழ, அவன் கை கணப்பு நெருப்புக்குள் போகிறது; கை வேகவில்லை, உண்மை வெளிப்படுகிறது. டானரின் பதிப்பில் லோயிஸ் துப்பாக்கியை எடுத்து அவனை நோக்கிச் சுட்டுவிடுகிறாள். அவன் நிமிர்ந்து நின்று, தன் குரலிலேயே பேசத் தொடங்கிய பிறகுதான், துப்பாக்கியில் இருந்தது வெறும் வெற்றுத் தோட்டா என்று அவள் சொல்கிறாள். கதையாகப் பார்த்தால் இரண்டாவதே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. அங்கே லோயிஸ் தன் அறிவால் வெல்கிறாள், விரிப்பில் கால் தடுக்கியதால் அல்ல.

ஆனால், அந்தத் துப்பாக்கிக் காட்சியை டானர் படத்துக்காக எடுக்கவே இல்லை. நடிகர் தேர்வின்போது சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவுக்கும் லோயிஸாக நடித்த மார்கோ கிடருக்கும் வெவ்வேறு சமயங்களில் நடத்திய ஒத்திகைப் படப்பிடிப்புகளை இணைத்தே டானர் பதிப்பில் அதை உருவாக்கினார்கள். ஒலியை அணைத்துவிட்டு அந்தக் காட்சியை மட்டும் ஓடவிடுங்கள். ஒரு ஷாட்டில் ரீவின் தோள்கள் ஒல்லியாக இருக்கும். அடுத்த ஷாட்டில் உடற்பயிற்சி செய்து பருத்த தோள்கள் தெரியும். தலைமுடி மாறும், கண்ணாடியின் வடிவம்கூட மாறும். அறையின் சுவர்களும் ஒளியும், முன்னும் பின்னும் வரும் ஓட்டல் காட்சிகளோடு ஒட்டா. ஒரு ரசிகர் தொகுப்பு இந்தக் காட்சியை எடுத்துக்கொள்கிறது என்றால், வலுவான நாடகத்துக்காகத் தொடர்ச்சியை விலையாகக் கொடுக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். அந்த விலையைக் குறைக்கத் தொகுப்பாளர் என்ன செய்தார் என்பதையும் தேடுங்கள்: நிறத்தைச் சமன்படுத்தினாரா, ரீவின் ஒல்லியான ஷாட்களைக் குறைத்து கிடரின் முகத்தில் அதிகம் நிறுத்தினாரா, இசையை மேலே ஓடவிட்டு வெட்டுகளை மறைத்தாரா? தொகுப்பாளரின் திறமையை அளக்க இதுவே சரியான இடம்.

இரண்டாவதாக எடுத்துக்கொள்ள வேண்டியது, லோயிஸுக்காகச் சூப்பர்மேன் தன் ஆற்றலைத் துறப்பதும் மீண்டும் பெறுவதும். இலாபப் பங்கு தொடர்பாக மார்லன் பிராண்டோ வழக்குத் தொடுத்ததால், தந்தை ஜோர்-எல்லாக அவர் நடித்து முடித்திருந்த காட்சிகளைத் தயாரிப்பாளர்கள் பயன்படுத்தவில்லை. அவற்றுக்குப் பதில் தாய் லாராவாகச் சுசன்னா யார்க்கைப் பேசவைத்தார்கள். அதனால் திரையரங்கப் பதிப்பில், ஆற்றலிழந்த கிளார்க் பனிப் பிரதேசத்தில் பாழடைந்து கிடக்கும் தன் படிகக் கோட்டைக்குத் திரும்பி வந்து கதறுகிறான், ஒளிரும் பச்சைப் படிகத்தைக் காண்கிறான், அடுத்து அவனைப் பார்க்கும்போது ஆற்றல் திரும்பியிருக்கிறது. எப்படி என்று படம் காட்டுவதில்லை. டானர் பதிப்பில், தந்தை தன்னிடம் எஞ்சியிருக்கும் சக்தி முழுவதையும் மகனுக்குக் கொடுத்துவிட்டு என்றென்றைக்குமாக மறைகிறார். மகன் தந்தையாவான், தந்தை மகனாவார் என்று முதல் படத்தில் சொல்லப்பட்ட வாக்கு இங்கேதான் நிறைவேறுகிறது. இரண்டு படங்களையும் தாங்கும் தூண் இந்தக் காட்சி. இதைச் சேர்க்காத கலப்புத் தொகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். இங்கே கொடுக்க வேண்டிய விலை மிகக் குறைவு.

தொடக்கக் காட்சி அப்படியல்ல. திரையரங்கப் பதிப்பில் பாரிஸ் ஈஃபில் கோபுரத்தைக் கைப்பற்றியவர்களின் ஹைட்ரஜன் குண்டைச் சூப்பர்மேன் விண்வெளியில் எறிய, அந்த வெடிப்பில், விண்வெளிச் சிறையில் அடைபட்டிருந்த வில்லன் ஜெனரல் ஸாடும் கூட்டாளிகளும் விடுதலையாகிறார்கள். டானர் பதிப்பில் முதல் படத்தின் ஏவுகணையே அவர்களை விடுவிக்கிறது. பாரிஸை நீக்கினால் இரு படங்களும் ஒரே கதையாக இறுகும், உண்மைதான். ஆனால் மின்தூக்கியின் அடியில் தொற்றிக்கொண்டு செய்திக்காக உயிரைப் பணயம் வைக்கும் லோயிஸும் அதோடு போய்விடுவாள். அந்த இடத்தை நிரப்ப, டெய்லி பிளானட் பத்திரிகை அலுவலகச் சன்னலிலிருந்து அவள் குதிக்கும் டானரின் காட்சியைத் தொகுப்பாளர் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். அதோடு நயாகரா ஆற்றில் அவள் குதிப்பதையும் வைத்தால், அவனைச் சோதிக்க ஒரே தந்திரத்தை அவள் இரு முறை செய்வதாக ஆகிவிடும்.

ஒலியைத் தனியாக ஒருமுறை கேட்க வேண்டும். முதல் படத்துக்கு இசையமைத்தவர் ஜான் வில்லியம்ஸ். இரண்டாம் படத்தில் அவருடைய மெட்டுகளைத் தழுவி இசையமைத்தவர் கென் தோர்ன். டானர் பதிப்பு பெரும்பாலும் வில்லியம்ஸின் பழைய பதிவுகளையே எடுத்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் கேட்டால், வாத்தியக் குழுவின் அளவும் கனமும் எங்கே மாறுகின்றன என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் கண்ணைத் திறந்தால் அங்கே ஒரு ஒட்டு இருக்கும். வெளியான படத்தில் வசனமும் இசையும் ஏற்கெனவே ஒன்றாகக் கலக்கப்பட்டிருப்பதால், ஒரு வசனத்தை வெட்டும்போது இசையும் அறுபடும். பல தடங்களில் பிரிந்த ஒலி வட்டில் இருந்தால், நடுத் தடத்தில் வரும் வசனத்தை மட்டும் ஓரளவு தனியே கையாள முடியும். காட்சி வெட்டு அழகாக இருந்தும் ஏதோ உறுத்துகிறது என்று தோன்றும் இடங்களில் பெரும்பாலும் குற்றவாளி இசைதான்.

ஒளிப்பதிவுக்கு ஒரு குறிப்பு போதும். ஜெஃப்ரி அன்ஸ்வொர்த்தின் மென்மையான, பனி படர்ந்தாற்போன்ற ஒளி டானரின் காட்சிகளில் தெரியும். 1978-இல் அவர் மறைந்த பிறகு ராபர்ட் பெய்ன்டர் எடுத்த லெஸ்டரின் காட்சிகள் பளிச்சென்று தட்டையாக இருக்கும். வில்லன் லெக்ஸ் லூதராக ஜீன் ஹாக்மன் முகம் காட்டிப் பேசும் ஷாட்கள் டானர் எடுத்தவை. மறுபடப்பிடிப்புக்கு ஹாக்மன் திரும்பி வரவில்லை.

கடைசியாக முடிவுக் காட்சி. டானர் பதிப்பில் சூப்பர்மேன் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றி, நடந்த அனைத்தையும் நடக்காததாக்கி விடுகிறார். இந்த முடிவு முதலில் இரண்டாம் படத்துக்காகவே எழுதப்பட்டு, பின்னர் முதல் படத்துக்கு மாற்றப்பட்டது. ஆகவே இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு ஒரே முடிவு இருமுறை வருகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், காலம் திரும்பிய பிறகும் கிளார்க் உணவகத்துக்குப் போய், ஆற்றலிழந்திருந்தபோது தன்னை அடித்த லாரிக்காரனுக்குப் பாடம் புகட்டுவதுதான். காலம் திரும்பிவிட்டதால் அந்த ஆள் இன்னும் அவனை அடிக்கவே இல்லையே! லெஸ்டரின் பதிப்பில் ஒரு முத்தத்தால் லோயிஸின் நினைவு அழிகிறது. அப்படி ஓர் ஆற்றல் அவனுக்கு உண்டு என்று அதுவரை படம் சொன்னதில்லை என்றாலும், உணவகக் காட்சி அங்கே சரியாகப் பொருந்துகிறது. உலகம் முழுவதோடும் அவனைப் பங்கிட்டுக்கொள்ள முடியாத வேதனையை அதற்கு முன் கிடர் தன் முகத்தில் கொண்டுவருவதையும் பார்த்துவிட்டால், அந்த முத்தத்தை நம்பாமல் இருப்பது கடினம். பிராண்டோவின் காட்சியையும் இந்த முத்தத்தையும் சேர்த்து வைக்கும் கலப்புத் தொகுப்பே என் விருப்பம். நீங்கள் பார்க்கும் தொகுப்பு காலச் சுழற்சியை வைத்துக்கொண்டிருந்தால், உணவகக் காட்சியை அதன் தொகுப்பாளர் நீக்கியிருக்கிறாரா என்று பாருங்கள்.

இதையெல்லாம் செய்து முடித்த பிறகு நீங்களே தொகுத்துப் பார்க்க ஆசை வந்தால், முழுப் படத்தில் கை வைக்காமல், உங்கள் வட்டிலிருந்து எடுத்த ஒரே ஒரு பத்து நிமிடப் பகுதியோடு தொடங்குங்கள். எந்தக் காட்சியை நீக்கினால் யாருக்கு எது தெரியாமல் போகும் என்று முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முடித்ததை மூலத்தை அறியாத ஒருவருக்குப் போட்டுக்காட்டி, அவர் எந்த இடத்தில் “இது எப்படி நடந்தது?” என்று கேட்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு, மறுபடி அந்த இடத்துக்குப் போங்கள்.