பெருந்தமனி வால்வு மாற்றம்: முதல் வால்வோடு அடுத்ததையும் சேர்த்து யோசியுங்கள்

இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசல்தான் பெருந்தமனி வால்வு. அது சுருங்கிப்போனால் எந்த மாத்திரையாலும் திறக்க முடியாது. எக்கோ ரிப்போர்ட்டில் வால்வுத் திறப்பு 1 சதுர செ.மீ. அல்லது அதற்குக் கீழ், ரத்த வேகம் நொடிக்கு 4 மீட்டர் அல்லது அதற்கு மேல், வால்வின் இருபுறமும் உள்ள சராசரி அழுத்த வேறுபாடு 40 mmHg அல்லது அதற்கு மேல் என்றிருந்தால் அடைப்பு கடுமையானது. இதயம் பலவீனமானவர்களுக்குப் பின்னிரண்டு எண்களும் குறைத்தே காட்டும். அதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் இவற்றில் ஒன்று வந்துவிட்டாலும் காத்திருப்பது ஆபத்து.

மாற்றி வைக்கும் வால்வில் மெட்டல், திசு என இரண்டு வகை. பேச்சில் 'மெட்டல் வால்வு' என்றாலும் அதன் இதழ்கள் கார்பனால் ஆனவை. எளிதில் தேயாது. ஆனால் ஆயுள் முழுக்க வார்ஃபரின் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிட்டு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவைப் பெரும்பாலும் 2 முதல் 3-க்குள் வைத்திருக்க வேண்டும். குறைந்தால் ரத்தம் உறைந்து இதழ் சிக்கிக்கொள்ளும், கூடினால் ரத்தக்கசிவு. புதுவகை ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள் இங்கே உதவாது. வார்ஃபரின் கருவைப் பாதிக்கும் என்பதால், குழந்தை பெற விரும்பும் பெண்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மாட்டின் இதய உறையிலோ பன்றி வால்விலோ செய்த திசு வால்வுக்கு அந்தத் தொல்லை இல்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பழுதாகலாம். வயது குறைந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம் சுண்ணாம்பு படியும். அமெரிக்க வழிகாட்டுதல் (2020) 50 வயதுக்குக் கீழே மெட்டல், 65-க்கு மேலே திசு என்கிறது. இடையில் உள்ளவர்கள் தங்கள் வாழ்க்கைமுறையைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

தொடைத் தமனி வழியாக, குழாய் மூலம் வால்வு வைக்கும் டாவி (TAVI) முறையிலும் திசு வால்வுதான். அதே வழிகாட்டுதல்படி 80-க்கு மேல் டாவி, 65-க்குக் கீழ் அறுவை சிகிச்சை, நடுவில் இரண்டும் பொருந்தும். நெஞ்சைத் திறக்காததால் சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனால் பழைய வால்வு அகற்றப்படுவதில்லை, ஓரமாக நசுக்கப்படுகிறது. சுண்ணாம்பு மேடுபள்ளமாக இருந்தால் விளிம்பில் ரத்தம் கசியும். அருகிலுள்ள மின்கடத்தும் பாதை அழுந்தினால் பேஸ்மேக்கர் தேவைப்படும். சி.டி. ஸ்கேனில் வால்வு வளையத்தையும் தொடைத் தமனியின் அகலத்தையும் அளந்த பிறகே டாவி சரிவருமா என்று தெரியும்.

திசு வால்வு பழுதானால் அதற்குள்ளேயே டாவி வைக்கலாம் என்பார்கள். முதல் வால்வு சிறிதாக இருந்தால் உள்ளே போவது இன்னும் சிறுத்து, அடைப்பு திரும்பிவிடும். சிலருக்கு இதயத் தமனிகளின் வாயும் அடைபடும். ஆகவே அறுவை சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்: என்ன அளவு வைப்பீர்கள்? வளையத்தை அகலப்படுத்த முடியுமா? இது பழுதானால் அடுத்தது எந்த வழியில்?

எந்த வால்வானாலும் அதன் வகை, அளவு எழுதிய அட்டையைக் கையோடு வைத்திருங்கள். பல் பிடுங்கும் முன் அதைக் காட்டினால் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள்.