தொழிலுக்கு வண்டி எடுக்குறீங்களா? லோனா லீஸா, வரியில எது எப்படி நிக்கும்னு கையெழுத்துக்கு முன்னாடி பாத்துடுங்க

வண்டிய எடுத்துட்டு வந்து லோன் பேப்பர மேசைல வச்சுட்டு "இதுல எவ்ளோ டேக்ஸ் மிச்சமாகும்"னு கேக்குறவங்க தான் அதிகம், எடுக்குறதுக்கு முன்னாடி வந்து கேக்குறவங்க ரொம்ப கம்மி. சின்ன கடைக்காரங்க, லாரி ஓனருங்க, டாக்ஸி ஓட்டுறவங்கன்னு நெறைய பேருக்கு கணக்கு எழுதிட்டு இருக்கேன், ஒவ்வொரு மார்ச்சும் இதே கதை தான். ஷோரூம்ல "பிசினஸ் பேர்ல எடுங்க சார், ஃபுல்லா டேக்ஸ்ல கழிச்சிக்கலாம்"னு சொல்லி அனுப்பிடுறாங்க, இங்க வந்து பாத்தா அந்த ஆளுக்கு ஒரு ரூபா கூட கழியாது.

ஏன் கழியாதுன்னா, அவரு ரிட்டர்ன் போடுற முறை அப்படி. அதனால முதல்ல பாக்க வேண்டியது வண்டிய இல்ல, உங்க ரிட்டர்ன. வருமான வரிச் சட்டத்தோட 44ஏடி பிரிவுல, அதாவது வியாபாரத்துல 8%, பேங்க் வழியா வந்த பணத்துக்கு 6% லாபம்னு காட்டி போடுறீங்கன்னா, தேய்மானம் (வண்டி பழசாகுறதுக்கு வருஷாவருஷம் அதோட விலையில கழிக்கிற பங்கு), வட்டி, டீசல், டிரைவர் சம்பளம் எல்லாமே அந்த மீதி 92%-லயோ 94%-லயோ அடங்கிடுச்சுன்னு சட்டம் வச்சிருக்கு, தனியா வண்டிக்குன்னு எதுவும் கழிக்க முடியாது. டாக்டர், இன்ஜினியர் மாதிரி ஆளுங்க 44ஏடிஏ-ல 50% காட்டுறாங்கல்ல, அவங்களுக்கும் இதே தான். அப்படிப்பட்டவங்க வரிக்காக வண்டி எடுக்காதீங்க, தேவைக்கு எடுங்க, எது மலிவோ அதுல எடுங்க, அவ்ளோ தான் கணக்கு. (பிரிவு நம்பர், வருமான வரி படிவ நம்பர் எல்லாம் எல்லாருக்கும் பழகுன 1961 சட்டத்துலருந்து சொல்றேன், 2026 ஏப்ரல் 1-லருந்து 2025 வருமான வரிச் சட்டம் நடைமுறை, அதுல நம்பர் வேற.)

லாரி ஓனருங்களுக்கு தனி ரூட்டு இருக்கு, 44ஏஇ. வருஷத்துல எந்த நேரத்துலயும் பத்து சரக்கு வண்டிக்கு மேல இல்லன்னா, ஒரு வண்டிக்கு மாசம் 7,500 ரூபா வருமானம்னு காட்டலாம், மொத்த எடை 12,000 கிலோவுக்கு மேல போற பெரிய வண்டின்னா டன்னுக்கு மாசம் 1,000. 28 டன் வண்டின்னா மாசம் 28,000, வருஷம் 3,36,000. மாசத்துல ரெண்டு நாள் தான் வண்டி கையில இருந்துச்சுன்னாலும் முழு மாசக் கணக்கு தான். இன்னொன்னு, "வண்டி இன்னும் ஃபைனான்ஸ்ல தான சார் இருக்கு, என் வண்டியே இல்லையே"ன்னு சிலர் கேக்குறாங்க. டியூ பாக்கி இருந்தாலும் வண்டி உங்க கையில இருந்தா நீங்க தான் ஓனர்னு அந்த பிரிவுலயே எழுதியிருக்கு.

இனி, புக்ஸ் எழுதி லாப நஷ்டம் போடுறவங்களுக்கு. இங்க தான் லோனா லீஸாங்குற கேள்விக்கே அர்த்தம் வருது.

லோன்ல முதல் கண்ணி வட்டி. "7% தான்"னு சொன்னா ஃபிளாட்டா, குறையுற பாக்கிக்கு போடுற வட்டியான்னு அங்கயே கேளுங்க. 10 லட்சம், 5 வருஷம், ஃபிளாட் 7%-ன்னா வட்டி 3.5 லட்சம், டியூ 22,500. நீங்க மாசாமாசம் அசல கட்டிட்டே வர்றீங்க, ஆனா வட்டி மட்டும் கடைசி மாசம் வரைக்கும் முழு 10 லட்சத்துக்கே ஓடுது. குறையுற பாக்கிக்கு மாத்திப் பாத்தா அது கிட்டத்தட்ட 12.5%. பேங்க்ல 9%-ன்னு சொன்னப்ப "அதிகம்"னு விட்டுட்டு வெளிய வந்து 7% ஃபிளாட்ல எடுத்த ஒருத்தர எனக்கு தெரியும், அந்த 9%-ல டியூ 20,758 தான் வந்திருக்கும், அஞ்சு வருஷத்துல ஒரு லட்சத்துக்கு மேல அநியாயமா போச்சு, நெனச்சா இன்னைக்கும் மனசு கேக்கல. இப்ப இதுக்கு நல்ல ஆயுதம் ஒண்ணு இருக்கு. 2024 அக்டோபர் 1-லருந்து ரிசர்வ் பேங்க் விதிப்படி இந்த மாதிரி லோனுக்கு கேஎஃப்எஸ்-னு, லோனோட முக்கிய விவரம் எல்லாம் இருக்குற ஒரு தாள் குடுத்தே ஆகணும், அதுல பிராசஸிங் சார்ஜ் எல்லாம் சேத்து வருஷத்துக்கு எவ்ளோ சதவீதம் விழுதுன்னு ஏபிஆர்-னு போட்டிருப்பாங்க. ரெண்டு இடத்துல கேஎஃப்எஸ் வாங்கி ஏபிஆர மட்டும் ஒப்பிட்டுப் பாருங்க, வாய் வார்த்தைய விட்டுடுங்க. அதே தாள்லயே முன்கூட்டி அடைச்சா என்ன சார்ஜ்னு பாருங்க, வண்டி லோன் பெரும்பாலும் ஃபிக்ஸட் ரேட்டு தான், அதனால ஃபோர்குளோஷர் சார்ஜ் வரும்.

வரியில டியூ அப்படியே செலவு ஆகாது, இது பல பேருக்கு புரியறதில்ல. டியூல இருக்குற வட்டி மட்டும் செலவு, அசல் செலவே இல்ல, அதுக்கு பதிலா வண்டியோட விலைக்கு தேய்மானம் கிடைக்கும். கார்னா 15%. வாடகைக்கு ஓட்டுற பஸ், லாரி, டாக்ஸின்னா 30%. இங்க கவனிங்க, லாரியா இருந்தாலும் உங்க சொந்த சரக்க மட்டும் ஏத்திட்டு போகுதுன்னா 15% தான், வாடகைக்கு ஓடினா தான் 30%. எலெக்ட்ரிக் வண்டிக்கு 40%, பிசினஸ்க்கு வண்டி பாக்குறவங்க இத கட்டாயம் கணக்குல சேருங்க.

கணக்கு எப்படி ஓடுதுன்னு ஒண்ணு போட்டு காட்டுறேன். கார் 12 லட்சம், 2 லட்சம் முன்பணம், 10 லட்சம் லோன், 9%. முதல் வருஷம் டியூவா நீங்க கட்டுறது சுமார் 2,49,000, அதுல வட்டி 83,000 தான். தேய்மானம் 1,80,000. ஆக செலவா கழியறது 2,63,000 சொச்சம். 30% ஸ்லாப்ல இருந்தா செஸ் இல்லாம சுமார் 79,000 வரி மிச்சம். முன்பணமும் டியூவுமா கையிலருந்து போனது நாலரை லட்சம், திரும்புனது 79,000. அதனால தான் வரி மிச்சத்துக்காக வண்டி எடுக்காதீங்கன்னு விடாம சொல்லிட்டு இருக்கேன். ரெண்டாவது வருஷம் தேய்மானம் 12 லட்சத்துக்கு இல்ல, மீதி இருக்குற 10.2 லட்சத்துக்கு, இப்படியே எறங்கி அஞ்சாவது வருஷ முடிவுல புக்ல, அதாவது தேய்மானம் போக மீதி, 5,32,000 நிக்கும்.

தேதி ரொம்ப முக்கியம். 180 நாளுக்கு கம்மியா ஓடியிருந்தா அந்த வருஷம் பாதி தேய்மானம் தான், அதாவது சாதாரண வருஷத்துல அக்டோபர் 3-க்குள்ள வண்டி தொழில்ல ஓட ஆரம்பிச்சிருக்கணும். பில்லு தேதி இல்லைங்க, ஓட ஆரம்பிச்ச தேதி. சேஸிஸ் வாங்கி நாமக்கல்ல பாடி கட்ட விட்டிருப்பீங்க, ஷெட்ல ரெண்டு மாசம் நிக்கும், ஆர்டிஓ-ல காட்டி ரிஜிஸ்டர் ஆகி லோடு ஏத்துற வரைக்கும் அது ஓடாத வண்டி தான். அந்த மாசங்களுக்கு கட்டுன வட்டியையும் செலவுல போடக்கூடாது, வண்டி விலையோட சேக்கணும். லைஃப் டேக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் செலவும் விலையோட சேரும், இன்சூரன்ஸ் மட்டும் அந்த வருஷச் செலவு. பாடி ஷெட்டுக்கு ரொக்கமா குடுக்குற பழக்கம் இருந்தா நிறுத்திடுங்க, ஒரு ஆளுக்கு ஒரே நாள்ல 10,000-க்கு மேல ரொக்கமா குடுத்தா அந்த தொகை வண்டி விலையில சேராது, அதுக்கு தேய்மானமே கிடையாது, எவ்ளோ பெரிய தொகையா இருந்தாலும் போனது போனது தான்.

காரு வீட்டுக்கும் ஓடும்ல, அந்த பங்க கழிச்சிட்டு தான் போடணும், வட்டி தேய்மானம் பெட்ரோல் எல்லாத்துலயும். ஒரு நோட்டுல கிலோமீட்டர் எழுதி வச்சீங்கன்னா கேள்வி வந்தா பதில் சொல்லலாம், இல்லன்னா அதிகாரி போடுற சதவீதம் தான். "இந்த வருஷம் லாபம் கம்மி, தேய்மானத்த அடுத்த வருஷத்துக்கு வச்சிக்கிறேன்"னு சிலர் சொல்வாங்க, அது நடக்காது, நீங்க எடுத்தாலும் எடுக்கலன்னாலும் எடுத்த மாதிரியே தான் மீதிய குறைப்பாங்க.

பேங்க் இல்லாம ஃபைனான்ஸ் கம்பெனில லோன் போட்டவங்களுக்கு இன்னொரு விஷயம், இதுல அடி வாங்குனவங்க நெறைய. தனி ஆளா தொழில் பண்றவருக்கு போன வருஷ டர்னோவர் ஒரு கோடிக்கு மேலன்னா, என்பிஎஃப்சி-க்கு, அதாவது அந்த ஃபைனான்ஸ் கம்பெனிக்கு, குடுக்குற வட்டியில 10% டிடிஎஸ் (குடுக்கும்போதே பிடிச்சு அரசுக்கு கட்டுற வரி) பிடிக்கணும். பேங்க்குக்கு இந்த தொல்லை இல்ல. ஆனா ஈசிஎஸ்-ல டியூ தானா போயிடுது, எங்க பிடிக்கிறது? பிடிக்கலன்னா அந்த வட்டியில 30% செலவா ஏத்துக்க மாட்டாங்க. வழி இருக்கு, அந்த கம்பெனி இந்த வட்டிய வருமானமா காட்டி வரி கட்டிட்டோம்னு படிவம் 26ஏ-ல ஆடிட்டர் சர்டிபிகேட் குடுத்தா தப்பிச்சிக்கலாம். டிடிஎஸ்ஸ நீங்க கட்டிட்டு அவங்ககிட்ட திரும்ப வாங்கிக்கிறதும் நடக்குறது தான், அத லோன் போடும்போதே பேசி முடிச்சிடுங்க, அப்புறம் ஃபோன் எடுக்க ஆள் இருக்காது.

சரி, லீஸு. இதுல வண்டி உங்களுது இல்ல, அதனால தேய்மானம் உங்களுக்கு இல்ல, மாசம் குடுக்குற லீஸ் வாடகை முழுசும் செலவு. "ஆர்சி-ல என் பேரு இருக்கே, தேய்மானமும் எடுக்கலாமா"ன்னு கேட்டா, 2013-ல ஐசிடிஎஸ்ங்குற கம்பெனியோட வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, ஆர்சி குத்தகைக்கு எடுத்தவர் பேர்ல இருந்தாலும் பணம் போட்டு வாங்கி லீஸ்க்கு விட்ட கம்பெனிக்கு தான் தேய்மானம்னு. ஆனா ஒப்பந்தத்துல கடைசி தவணை கட்டுனதும் வண்டி உங்களுதுன்னு எழுதியிருந்தா அது பேருக்கு தான் லீஸு, தவணைக் கொள்முதல் மாதிரி பாத்து மொத்த வாடகையையும் செலவா விடமாட்டேன்னு கேள்வி வரும், அதனால கடைசிப் பக்கம் வரைக்கும் படிங்க. மாச வாடகை 50,000-க்கு மேலன்னா 2% டிடிஎஸ், அதுவும் தனி ஆளா தொழில் பண்றவங்கள்ல அந்த ஒரு கோடி டர்னோவர் தாண்டுனவங்களுக்கு தான்.

என் கருத்த கேட்டா, மூணு நாலு வருஷத்துல வண்டி மாத்துறவங்களுக்கு, முன்பணம் போட மனசில்லாம அந்த பணத்த சரக்குல போடணும்னு நெனைக்கிறவங்களுக்கு லீஸ் சரி. கார்ல தேய்மானம் வெறும் 15%, ஆனா லீஸ் வாடகை முழுசா கழியுதுங்குறதால முதல் சில வருஷம் லீஸ் பக்கம் வரி கம்மியா தெரியும். எட்டு வருஷம் பத்து வருஷம் ஒரே வண்டிய ஓட்டுறவங்களுக்கு, ரோடு மோசமான எடத்துல ஓட்டுறவங்களுக்கு லீஸ் வேண்டாம், கிலோமீட்டர் வரம்பு, கீறல் நெளிசலுக்கு பிடித்தம், பாதியில திருப்பிக் குடுத்தா அபராதம்னு கடைசியில மொத்தமா வந்து நிக்கும்.

ஜிஎஸ்டி பத்தி சுருக்கமா. 2025 செப்டம்பர் 22-லருந்து சின்ன காருக்கு 18%, பெருசுக்கு 40%, எலெக்ட்ரிக்குக்கு 5%, சரக்கு வண்டிக்கு 18%. டிரைவரோட சேத்து 13 சீட் வரைக்கும் உள்ள, ஆளுங்க போற வண்டிக்கு இன்புட் (வாங்கும்போது கட்டுன ஜிஎஸ்டிய நீங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சிக்கிறது) எடுக்க முடியாது, லீஸ் வாடகை மேல வர்ற ஜிஎஸ்டிக்கும் அதே தடை. வண்டி விக்கிற வியாபாரம், பயணிகள ஏத்துறது, டிரைவிங் ஸ்கூல் இதுக்கு தான் விலக்கு. சரக்கு வண்டிக்கு இன்புட் உண்டு, ஆனா நீங்க விக்கிற பொருளுக்கோ சேவைக்கோ ஜிஎஸ்டி கட்டுறவரா இருக்கணும். இன்புட் எடுத்த ஜிஎஸ்டிய வண்டி விலையில சேத்து தேய்மானமும் போடாதீங்க, ரெண்டுல ஒண்ணு தான்.

எலெக்ட்ரிக் வண்டி லோன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் கழிவுன்னு இன்னும் சொல்லிட்டு திரியறாங்க. அந்த கழிவு குடுக்குற 80இஇபி பிரிவு, 2019 ஏப்ரல் 1-லருந்து 2023 மார்ச் 31-க்குள்ள சாங்ஷன் ஆன லோனுக்கு மட்டும், அதுவும் பழைய முறையில ரிட்டர்ன் போட்டா தான். இப்ப எடுக்குற லோனுக்கு கிடையாது. 10 லட்சத்துக்கு மேல உள்ள வண்டிக்கு டீலர் 1% டிசிஎஸ் வாங்குவாரு, அது உங்க பேர்ல முன்கூட்டியே வசூலிக்கிற வருமான வரி, செலவு இல்ல, 26ஏஎஸ்-ல (உங்க பேர்ல கட்டுன வரிக் கணக்கு) ஏறியிருக்கான்னு பாத்து ரிட்டர்ன்ல மறக்காம கழிச்சிக்கோங்க, சும்மா விட்டுட்டு போறவங்க எத்தனையோ பேர்.

வண்டிய விக்கும்போது தான் மறந்து போன கணக்கெல்லாம் திரும்பி வரும். மேல சொன்ன காரை 6 லட்சத்துக்கு வித்தா, புக்ல 5,32,000 தான் நிக்குது, அதே 15% தேய்மான வகையில வேற வண்டியோ மெஷினோ இல்லன்னா 68,000 குறுகிய கால மூலதன ஆதாயம். இருந்தா வித்த பணம் அந்த வகையோட மொத்த மீதியிலருந்து கழியும், அவ்ளோ தான். ஜிஎஸ்டி ரிஜிஸ்டர் பண்ணவர், இன்புட் எடுக்காத கார்னா, அந்த 68,000-க்கு 18%, கிட்டத்தட்ட 12,000 கட்டணும், புக் மதிப்புக்கு கீழ வித்தா எதுவும் இல்ல. வீட்டுக்கு மட்டும் ஓட்டுன சொந்தக் கார்னா ஆதாய வரி கிடையாது.

டியூ முடிஞ்சதும் வேலை முடிஞ்சுடுச்சுன்னு இருக்காதீங்க. பாக்கி இல்லன்னு குடுக்குற என்ஓசி-யும் ஃபைனான்ஸ் கம்பெனி கையெழுத்து போட்ட படிவம் 35-ம் வாங்கி ஆர்டிஓ-ல ஹெச்பி, அதாவது ஆர்சி-ல இருக்குற ஃபைனான்ஸ் பதிவு, கேன்சல் பண்ணணும், பண்ணலன்னா ஆர்சி-ல கம்பெனி பேரு அப்படியே நிக்கும், விக்கும்போது வாங்குறவர் முகத்த திருப்பிக்குவார். என்ஓசி கைக்கு வந்த வாரமே கிளம்பிடுங்க, அப்படியே இன்சூரன்ஸ் பாலிசிலயும் அந்த பேர எடுக்கச் சொல்லுங்க. அத விட்டுட்டா வண்டிக்கு பெரிய அடி பட்டு கிளைம் வரும்போது, டியூ முடிஞ்சு போன கம்பெனி பேரு பாலிசில இருக்குறதால பணம் உங்க கைக்கு வராம அலைய விடுவாங்க.