கொல்லுப்பட்டறைக்கு ஏற்ற வெல்டிங் மெஷினைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்துக் கொல்லுப்பட்டறைகளுக்கு ஒரே வகை வேலை வருவதில்லை. கலப்பைக் கொழுவும் இரும்புக் கேட்டும் வருகிற அதே பட்டறைக்கு, பழைய வளவு வீட்டின் சன்னல் அழியும் (கம்பித் தடுப்பும்) செப்பனிட வரும். ஆகவே மெஷின் எத்தனை ஆம்பியர் என்று கேட்பதற்கு முன், எந்தெந்த இரும்பை, எவ்வளவு கனத்தில் ஒட்டப் போகிறோம் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

முதல் மெஷினாக 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் ராடு மெஷினையே (மின்னணுச் சுற்றால் இயங்கி, ராடு எனும் பூச்சுக் கம்பியை உருக்கி ஒட்டுவது) பரிந்துரைப்பேன். 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியரும், 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 130 ஆம்பியரும் போதும். நம் பட்டறை வேலையில் பெரும்பகுதி இவ்விரண்டிலேயே முடிந்துவிடும். மிக் மெஷின் (கம்பியைத் தானே ஊட்டி, வாயுப் பாதுகாப்பில் ஒட்டுவது) வேகமானதுதான் என்றாலும், திறந்த கொட்டகையில் வீசும் காற்று அதன் பாதுகாப்பு வாயுவைக் கலைத்துவிடுவதால் பற்றில் (ஒட்டிய இடத்தில்) துளை விழும். நாள் முழுதும் கேட், கிரில் மட்டுமே செய்பவர் அதைப் பின்னர் வாங்கலாம்.

மெஷின் தகட்டில் டியூட்டி சைக்கிளைக் கட்டாயம் பாருங்கள். 200 ஆம்பியரில் 60 சதவீதம் என்றால், 10 நிமிடத்தில் 6 நிமிடம்தான் அந்த அளவில் ஓட்டலாம். அந்தக் கணக்கும் பெரும்பாலும் 40 டிகிரி வெப்பத்துக்கே உரியது. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் உலையும் எரியும்போது அதை அப்படியே நம்பக் கூடாது. வெப்பத்தைவிடக் கொடியது தூசு. மெஷினின் விசிறி கரித்தூளையும், மின்சாரம் கடத்தும் இரும்புத்தூளையும் உள்ளே இழுத்து சர்க்யூட் போர்டில் படியவிடும். எனவே மெஷினை உலையிலிருந்தும் கிரைண்டரிலிருந்தும் தள்ளி வைத்து, நீளத்துக்கு ஏற்பக் கனமான செம்புக் கேபிளை இழுத்துக்கொள்வதே நல்லது.

3.15 மி.மீ. ராடை ஓட்டும்போது 230 வோல்ட் இணைப்பிலிருந்து சுமார் 20 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். வீட்டுக்குப் போடும் 16 ஆம்பியர் பிளக் இதைத் தாங்காது. தனி லைனும் தகுந்த எம்.சி.பி.யும் (மின்சாரம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்) வேண்டும். வோல்டேஜ் குறையும் ஊரானால், எந்த அளவு வரை மெஷின் வேலை செய்யும் என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராடு விஷயத்தில்தான் அதிகக் கவனம் தேவை. பழைய வீட்டு அழியில் மறைவான ஓரிடத்தில் சிறு துளை போட்டுப் பாருங்கள்: தூள் கறுத்துப் பொடியாக உதிர்ந்தால் வார்ப்பிரும்பு, சுருளாக வந்தால் தேனிரும்போ மைல்ட் ஸ்டீலோ ஆகும். வார்ப்பிரும்புக்குச் சாதாரண ராடு உதவாது. நிக்கல் ராடு கொண்டு ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக ஒட்டி, ஒவ்வொரு முறையும் பற்றை மெல்லத் தட்டிவிட்டு, கடைசியில் உமிச்சாம்பலில் புதைத்து ஆறவிட வேண்டும். லாரிப் பட்டையில் (ஸ்பிரிங் தகட்டில்) அடித்த அருவாளைக் குளிர்ந்த நிலையில் ஒட்டினால் பற்றின் ஓரம் கண்ணாடி போல் நொறுங்கும். உலையில் 200 டிகிரிக்குமேல் சூடேற்றி, ஈரமில்லாத 7018 (குறை ஹைட்ரஜன் வகை) ராடால் ஒட்டலாம்.

வெட்டவும் பித்தளைப் பற்று வைக்கவும் ஆக்சிஜனும் எரிவாயுவும் கொண்ட கேஸ் செட் பயன்படும். பின்தீத் தடுப்பான் (தீ குழாய் வழியே பின்னோக்கிப் பாய்வதைத் தடுப்பது) இல்லாமல் அதை வாங்காதீர்கள். ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெய்க் கை படவே கூடாது.

வாங்கும் நாளில் உங்கள் பட்டறையின் பட்டைக்கம்பித் துண்டு இரண்டைக் கடைக்கு எடுத்துச் சென்று, ஒட்டிப் பார்த்து, உடைத்தும் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.