ஈமாக்ஸில் ஸ்க்ரோல் ஹுக்: எப்போது ஓடுகிறது, எவ்வளவு நேரம் பிடிக்கிறது

ஈரோட்டில் மாமாவின் மஞ்சள் மண்டிக் கணக்கு முழுக்க ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கிறது. தேதிக்கு ஒரு தலைப்பு வரி, அதற்குக் கீழே அன்று ஏலத்தில் போன ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு வரி: விரலியா கிழங்கா, எத்தனை மூட்டை, குவிண்டால் என்ன விலை, யார் எடுத்தது. சீசனில் ஒரு நாள் கணக்கே மூன்று நான்கு திரை நீளம் போகும். நடுவில் நின்றால் தேதி கண்ணில் படாது. "ஏங்கண்ணு, இது எந்தத் தேதி வெலை?" என்று மாமா பக்கத்தில் நின்று கேட்கும்போதெல்லாம் மேலே ஏறிப் பார்த்துவிட்டு மறுபடி இறங்க வேண்டும். அதனால் திரையின் மேல் விளிம்பில் ஒரு தலைவரி, நாம் எங்கே இருக்கிறோமோ அந்தத் தேதியை அதுவே காட்ட வேண்டும். இதைச் செய்யும்போது, அந்த ஃபைலை நான் திறக்கும் எடிட்டரான ஈமாக்ஸ் திரையை எப்போது வரைகிறது என்பதும் கூடவே புரிந்துவிடும், எனக்கு முக்கியம் அதுதான்.

ஈமாக்ஸைத் திறக்க, ஃபங்ஷன் எழுத, இனிட் ஃபைலில் சேர்க்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதுகிறேன், சொற்களுக்கு நடுவே ஹைஃபன் வரும். கண்ட்ரோல் ஹெச், வி அடித்து முதல் சொல்லைக் கொடுத்து டேப் தட்டினால் மாறிகள் வரிசையாக வரும். ஃபங்ஷனுக்கு வி-க்குப் பதில் எஃப்.

படி 1: சரியான ஹுக்கைப் பிடிப்பது

ஹுக் என்பது, ஒரு குறிப்பிட்ட தருணத்தில் ஈமாக்ஸ் தானே அழைக்கும் ஃபங்ஷன்களின் பட்டியல். எல்லோரும் முதலில் போவது போஸ்ட்-கமாண்ட்-ஹுக் பக்கம். ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் ஓடுகிறது, அதில் விண்டோ-ஸ்டார்ட் மதிப்பைப் பார்த்தால் திரையின் முதல் எழுத்து எது என்று தெரிந்துவிடும், அப்புறம் என்ன என்று தோன்றும். கண்ட்ரோல் வி அடித்துச் சோதித்தால் சரியாகவே வேலை செய்யும். அங்கேதான் ஏமாந்துபோகிறோம், ஏனென்றால் கண்ட்ரோல் வி என்பது விண்டோ-ஸ்டார்ட்டைத் தானே மாற்றிவிடும் கட்டளை. கீழ் அம்புக்குறியைத் தட்டித் தட்டி கர்சரைத் திரையின் அடிக்குக் கொண்டுபோய் இன்னும் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். அந்தக் கட்டளை கர்சரை மட்டும்தான் நகர்த்துகிறது. கர்சர் திரைக்கு வெளியே போய்விட்டதே, எதை மேலே தள்ளலாம் என்று முடிவெடுப்பது ரீடிஸ்ப்ளே, அதாவது திரையை மறுபடி வரையும் வேலை. அது போஸ்ட்-கமாண்ட்-ஹுக் முடிந்த பிறகுதான் வரும். உங்கள் ஃபங்ஷன் பார்த்தது பழைய விண்டோ-ஸ்டார்ட். ஸ்க்ரோல்-கன்சர்வேட்டிவ்லி இயல்பு நிலையில் 0 என்பதால் திரை ஒரு வரி நகராமல் கர்சரை நடுவுக்குக் கொண்டுவரும் அளவுக்குத் தாவும். தலைவரி நேற்றைய தேதியைக் காட்டிக்கொண்டு நிற்கும், அடுத்த சாவி தட்டினால்தான் திருந்தும். இன்னொரு நாளின் விலையை மாமாவிடம் சொல்லிவிட்டால் அது சின்ன விஷயம் இல்லை.

வேண்டியது விண்டோ-ஸ்க்ரோல்-ஃபங்ஷன்ஸ். ரீடிஸ்ப்ளேயே இதை அழைக்கிறது, விண்டோ-ஸ்டார்ட் புது இடத்துக்குப் போன பிறகு, திரையில் வரைவதற்கு முன்பு. எந்த விண்டோ, புதிய தொடக்க இடம் எது என்று இரண்டு ஆர்கியுமெண்ட் கையில் தரும். ஆட்-ஹுக்கில் நான்காவது ஆர்கியுமெண்டாக டீ (t, 'ஆம்' என்று பொருள்படும் மதிப்பு) கொடுத்து இந்த பஃபருக்கு, அதாவது ஈமாக்ஸில் திறந்திருக்கும் இந்தக் கணக்கு ஃபைலுக்கு, மட்டும் சேருங்கள், இல்லாவிட்டால் திறந்திருக்கும் எல்லா ஃபைலுக்கும் ஓடும்.

இதற்கு மூன்று கட்டுப்பாடு உண்டு. உள்ளே இருக்கும்போது விண்டோ-எண்ட் நம்பகமானது அல்ல, திரை இன்னும் வரையப்படவில்லையே. ஸ்க்ரோலைத் திருத்தவோ தடுக்கவோ இந்த ஹுக்கைப் பயன்படுத்தக் கூடாது, அதற்காக இது செய்யப்படவில்லை என்று விளக்கக் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. மூன்றாவது, ஸ்க்ரோல் செய்யாமலே இது ஓடும்: விண்டோவில் வேறு பஃபரைக் கொண்டுவந்தாலும் அழைப்பு வரும்.

படி 2: ஹுக்குக்குள் வேலை செய்யாதீர்கள்

ஹுக் முடியும்வரை திரை காத்திருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 16.7 மில்லி செகண்ட்தான். அதற்குள் பின்னோக்கித் தேடித் தேதியைக் கண்டுபிடித்து எழுத்தைத் தயார் செய்தால், அம்புக்குறியை அழுத்திப் பிடிக்கும்போது திரை உறைந்து நின்று பிறகு ஒரேயடியாகத் தாவும். சாவிகள் வரிசையில் காத்திருந்தால் ஈமாக்ஸ் திரை வரைவதையே தள்ளிப்போடும் என்பதுதான் காரணம். அதனால் சாவி அழுத்தின எண்ணிக்கையும் ஹுக் ஓடின எண்ணிக்கையும் ஒன்றாக இருக்காது, அதை நம்பிக் கணக்கு எழுதாதீர்கள்.

ஹுக் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஏற்கெனவே வைத்த டைமர் இருந்தால் கேன்சல்-டைமர், பிறகு ரன்-வித்-ஐடில்-டைமர் வைத்து 0.1 செகண்ட் கை சும்மா இருந்தால் ஓடும்படி புது டைமர். டைமரை அந்த விண்டோவிலேயே, செட்-விண்டோ-பாராமீட்டர் கொண்டு மாட்டி வையுங்கள்.

டைமர் ஓடும்போது எந்த பஃபரில் இருக்கிறோம் என்பது உறுதியில்லை. முதலில் விண்டோ-லைவ்-பி கேளுங்கள், அந்த விண்டோவை இதற்குள் மூடியிருக்கலாம். பிறகு விண்டோ-பஃபருக்குள் நுழைந்து, இது நம் கணக்கு பஃபர்தானா என்றும் பார்த்துவிட்டு, சேவ்-எக்ஸ்கர்ஷன் போட்டு, விண்டோ-ஸ்டார்ட்டுக்குப் போய், அந்த வரியின் கடைசிக்கு நகர்ந்து, அங்கிருந்து பின்னோக்கித் தேடுங்கள். வரியின் கடைசிக்கு நகர்வதை விட்டால், தேதி வரியே திரையின் முதல் வரியாக இருக்கும்போது முந்தைய நாள் கிடைக்கும். கிடைத்த தேதியை இன்னொரு விண்டோ பாராமீட்டரில் வைத்து ஃபோர்ஸ்-மோட்-லைன்-அப்டேட். தலைவரியில் என்ன வர வேண்டும் என்று சொல்லும் ஹெடர்-லைன்-ஃபார்மட்டில் அந்தப் பாராமீட்டரை எடுத்துக் காட்டும் ஒரு சின்ன இவால் போதும், தேடும் வேலையை அதற்குள் வைக்க வேண்டாம்.

படி 3: அளப்பது

எந்த ஃபங்ஷனுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் புரொஃபைலரை இதற்கு நான் எடுப்பதில்லை. திரை வரையும் வேலையை ரீடிஸ்ப்ளே-இன்டர்னல் என்று ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுக்கும், அதற்குள்ளிருந்து அழைக்கப்படும் லிஸ்ப் ஃபங்ஷன்கள் தவிர மற்றதைப் பிரித்துக் காட்டாது. பெஞ்ச்மார்க்-ரன் எளிது, எதையும் புதிதாக இறக்க வேண்டியதும் இல்லை. 200 முறை, ஒவ்வொரு முறையும் ஸ்க்ரோல்-அப் 1, உடனே ரீடிஸ்ப்ளே, அதற்கு டீ. அந்த டீ இல்லாமல் விட்டால் சாவி ஏதாவது காத்திருக்கும்போது வரையாமல் திரும்பிவிடும், அளவு அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. கீழே 200 வரிக்கு மேல் மிச்சம் இருக்கும் இடத்தில் தொடங்குங்கள்.

இதை ஈமாக்ஸின் குறிப்புத் தாளான ஸ்க்ராட்ச் பஃபரில் எழுதி ஓட்டினால் ஸ்க்ரோல் ஆவது ஸ்க்ராட்ச். கணக்கு ஃபைலில் நின்றுகொண்டு ஆல்ட், கோலன் அடித்து அங்கே கொடுங்கள்.

பதிலாக மூன்று எண் வரும்: மொத்த செகண்ட், எத்தனை முறை கார்பேஜ் கலெக்‌ஷன் (பயன்படாத நினைவகத்தைத் துடைக்கும் வேலை), அதற்குப் போன செகண்ட். மூன்றாவதை முதலாவதில் கழித்துவிட்டுப் பாருங்கள். முதல் ஓட்டத்தை எப்போதும் தள்ளிவிடுங்கள், முதல் தடவை திரைக்கு வரும் வரிகளுக்கு நிறம் பூசும் வேலையும் அதில் சேர்ந்திருக்கும். அதே இடத்துக்குத் திரும்பி வந்து ஹுக்கோடு ஒரு முறை, ரிமூவ்-ஹுக் செய்து ஒரு முறை. ஆட்-ஹுக்கில் லோக்கல் என்று சேர்த்ததை ரிமூவ்-ஹுக்கிலும் லோக்கல் என்றே சொல்ல வேண்டும், அங்கே டீ மூன்றாவது ஆர்கியுமெண்ட். இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாவிட்டால் படி 2 சரியாக வந்திருக்கிறது.

பிற்சேர்க்கை: பொள்ளாச்சியிலிருந்து ஒருவர், ஹுக்கை எடுத்த பிறகும் தன் தமிழ் ஃபைல் இங்கிலீஷ் ஃபைலைவிட மெதுவாக நகர்கிறது என்று எழுதியிருந்தார். தமிழில் 'கொ' என்ற ஒரு எழுத்தில் கொம்பு முன்னால், கால் பின்னால் வர வேண்டும், அதை இடம் மாற்றி அடுக்கும் வேலை ஒவ்வொரு எழுத்துக் கூட்டத்துக்கும் உண்டு. ஈமாக்ஸ் 27-இலிருந்து அதை ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து அடுக்கும் நிரல் நூலகம் செய்கிறது. எவ்வளவு நேரம் அதற்குப் போகிறது என்று பார்க்க, ஆட்டோ-காம்பொசிஷன்-மோடை அந்த பஃபரில் அணைத்துவிட்டு அதே 200 வரியை அளங்கள். எழுத்தெல்லாம் உடைந்து தெரியும், பயப்பட வேண்டாம், ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது, காட்டும் விதம் மட்டும்தான் மாறுகிறது. எண்ணைக் குறித்துக்கொண்டு மறுபடி போட்டுவிடுங்கள். அந்த நேரத்தைக் குறைக்க நம் ஃபங்ஷனில் எதுவும் செய்ய முடியாது. நிறம் பூசும் பக்கம் குறைக்கலாம்: ஜிட்-லாக்-டிஃபர்-டைமை 0 ஆக்கினால் சாவி காத்திருக்கும்போது மட்டும் நிறம் பூசுவது தள்ளிப்போகும். என் இனிட் ஃபைலில் அந்த ஒரு வரி நிரந்தரமாக இருக்கிறது.